இரண்டாவது உருண்டை

"கண்ணால பாத்தாலே தோஷம்னா, அன்னிக்கு ஒரு நாள் எங்கேயாவது கட்டிப் போட்டுட்டா ஆச்சு" என்றாள் மன்னி.

"கட்டினா குரைக்கும். சத்தம் காதுல விழறதும் உசிதமில்லை."

"அப்போ என்னதான் பண்றது?"

"நான் என்ன நாய் பிடிக்கறவனா, அம்மா? சாஸ்திரத்தைச் சொன்னேன். பண்றது உங்க பாடு."

இப்படிச் சொல்லிவிட்டு ஜம்புநாத சாஸ்திரிகள் குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பகலில் அவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. தென் கல்கத்தாவில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் திதிகளெல்லாம் அவருடைய சின்ன டயரியில் இருந்தன. அவருடைய கேஷுவல் லீவு முழுவதும் பிறத்தியாரின் அப்பா அம்மாக்களுக்கே செலவாகிவிடும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டு மகாதேவனின் அப்பாவுக்கு வருஷாப்திகம், முதல் வருஷத் திதி. சாமான் ஜாபிதா கொடுக்க வந்தவர், மூன்றாம் மாடிப் படி ஏறி நிமிர்ந்தபோது, வாசல் கால்மிதியில் செம்பட்டை நாய் ஒன்று சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து பேச்சு வேறு எதற்கும் நகரவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை" என்றான் மகாதேவன். "கீழ் வீட்டுல தினம் மீன் பொரிக்கறா. அதை விட்டுட்டு மூணு மாடி ஏறி நம்மாத்து ரசம் சாதத்துக்கு எந்த நாய் வரும்?"

அவன் மனைவி, மன்னி அலமு, சாஸ்திரிகளின் காபித் தம்ளரைப் பார்த்தாள். அவன் தங்கை சாவித்திரி சமையலறை நிலையில் சாய்ந்தபடி, இந்தக் கேள்வி தனக்கு இல்லை என்பதுபோல நின்றாள். அப்படி நிற்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. ஒரு வருஷமாகவே எந்தக் கேள்வியும் தனக்கு என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

அப்பா போனபோது அவள் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுடுடி, அழுதுட்டா நல்லது" என்றார்கள். அவளும் காத்திருந்துதான் பார்த்தாள். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது. வலிக்கவும் இல்லை, இருப்பதாகவும் தெரியவில்லை. பதினான்காம் நாள் கார்டன் ரீச்சிலிருந்த ரயில்வே ஆபீஸுக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து ஃபைலைத் தொடர்ந்தாள். இருபத்தேழு வயது. ஜாதகம் வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை; அண்ணாவும் போய்க் கேட்கவில்லை.

நாய் வேண்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டது ஒரே ஒரு தடவை. அப்போது ஒன்பது வயது, டாலிகஞ்சில் குடியிருந்தார்கள். "வாடகை வீட்டுல நாமளே அதிகப்படி" என்று அப்பா சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் நான்கு வீடு மாறினார்கள். குடிபோகிற ஒவ்வொரு வீட்டிலும் மற்றவர்கள் அடுப்பு எங்கே வைப்பது, சுவாமி படத்தை எங்கே மாட்டுவது என்று பார்க்கும்போது, அவள் மட்டும் நாய் எங்கே படுக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்வாள். டாலிகஞ்சில் மாடிப்படிக்கு அடியில். பவானிபூரில் குழாயடிக்குப் பக்கத்தில், ஈரம் படாத ஒரு முழம் இடம். இந்த லேக் கார்டன்ஸ் வீட்டில் இரண்டே அறை, ஒரு கூடம். கூடத்தில் திரைக்குப் பின்னால் அப்பாவின் கட்டில் இருந்தது. இப்போது அதில் சாவித்திரி படுத்தாள். நாய்க்கு என்று பார்த்து வைத்த இடம் அந்தக் கட்டிலின் கால்மாடு. அங்கே அப்பாவின் டிரங்குப் பெட்டி இருந்தது. வீட்டுக்காரர் வாடகைச் சீட்டிலேயே பிராணிகள் கூடாது என்று எழுதியிருந்தார். மன்னி மடி பார்க்கிறவள். நாய் மயிர் ஒன்று பட்ட துணியைக்கூட மறுபடி நனைக்காமல் எடுக்க மாட்டாள். ஆகையால் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

தமிழ் நூலகத்திலிருந்து அவள் எடுத்து வரும் மொழிபெயர்ப்பு நாவல்களில் நாய்கள் கணப்பின் பக்கத்தில் படுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டன. வெளியே பனி கொட்டியது. யாராவது கதவைத் தட்டினால் நாய் ஒரு காதை மட்டும் உயர்த்தியது. நாய் படுத்த இடத்தை யார் துடைத்தார்கள் என்று அந்த நாவல்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பக்கங்களை அவள் இரண்டு தடவை படிப்பாள்.

அப்பா இருந்தவரை காக்கைக்குச் சாதம் வைப்பது அவர் வேலை. அவருக்குப் பிறகு அது சாவித்திரிக்கு வந்தது. ஆபீஸ் கிளம்பும் முன், நெய் விட்ட சாத உருண்டையை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுவாள். காக்கை வந்து கொத்திய பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் உருண்டை சுவரிலிருந்து உருண்டு தரையில் விழுந்துவிட்டது. குனிந்து பார்த்தால் ஒரு செம்பட்டை நாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. எப்போது படியேறி வந்தது என்று தெரியவில்லை. தெருவில் எல்லோரும் லாலு என்று கூப்பிடுகிற நாய்தான். தின்றுவிட்டு, அவள் கணுக்காலில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மழையில் நனைந்த உடம்பு. ஆனாலும் உள்ளே சூடு இருந்தது. அந்தச் சூடு புடவை வழியாக ஏறுவதை, வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆபீஸுக்கு அரைமணி தாமதம்.

மறுநாளிலிருந்து இரண்டு உருண்டை. முதலாவது சுவர்மேல், காக்கைக்கு. அது கொத்தி முடித்த பிறகு இரண்டாவது தரையில். அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. லாலு என்றும் கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கீழே மன்னி காதில் விழும். விழுந்தால் கேள்வி வரும். கூப்பிட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மாடியில் அவள் குரல் கேட்டதும் அது தானாகவே வந்துவிடும். வந்து, மூன்றடி தள்ளி உட்கார்ந்து, காக்கை தின்று முடிக்கும்வரை பொறுத்திருக்கும். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அது முந்தியதில்லை.

சாஸ்திரிகள் படியிறங்கிப் போன பிறகு மகாதேவன் கதவைச் சாத்தினான்.

"சாவித்ரி" என்றான். குரலில் கோபமில்லை. அதுதான் அவன் சுபாவம். அவன் வேலை பார்க்கிற பாங்கில் கடன் கிடையாது என்று சொல்லும்போதும் இப்படித்தான் சொல்வான் என்பார்கள். "நீ சொன்னா அது கேக்கும்னு நெனைக்கறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அது இந்தப் பக்கம் வராமப் பாத்துக்கோ. அப்பா காரியம்."

"சரி அண்ணா."

"அவ என்ன பண்ணுவா பாவம், நாய்கிட்ட போய்ச் சொல்லுவாளா?" என்றாள் மன்னி. "திதி இருக்கு, வராதே, சனிக்கிழமை வான்னு."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். சாவித்திரிக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், குளிப்பதற்கு முன்னாலேயே, நாயைக் கூட்டிக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினாள். அங்கே தாரா இருந்தாள்; பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற வங்காளிப் பெண்மணி, ஐம்பது வயது, தனிக்கட்டை. தெருவில் பாதி நாய்கள் அவள் போடுகிற மீன்முள்ளில் வளர்ந்தவை. சாவித்திரி அவளைத் தாராதி, அதாவது தாரா அக்கா, என்பாள். இருவரும் வங்காள மொழியில்தான் பேசிக்கொள்வார்கள்.

"வா வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்றாள் தாரா, கையில் டீக் கோப்பையோடு.

"மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தாராதி. குளியலறையில விட்டுக் கதவைச் சாத்திடுங்க. வெளியே தாழ் இருக்கு இல்லையா?"

"இருக்கு. உங்கப்பா இந்த நாயைப் பாத்திருக்காரா?"

"இல்லை. அவர் போனப்புறம்தான் இது வந்தது."

"பாக்காத நாய்மேல அவருக்கு என்ன கோபம்?"

"கோபம் இல்லை. வழக்கம்."

தாரா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "உனக்கு இது வேணும்தானே? ஒரு வருஷமா உன் முகத்துல நான் வேற எதையும் பாக்கலை. இது வாலை ஆட்டறப்போ மட்டும்தான் நீ வீட்டுல இருக்கற மாதிரி தெரியுது."

சாவித்திரி குளியலறைக்குள் பழைய சாக்கை விரித்தாள். நாய் சாக்கை மோந்து பார்த்து, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது நம்பிவிட்டது என்று தோன்றியது. படியேறி வந்து, குளித்து, மன்னி எடுத்து வைத்திருந்த மடிப்புடவையைக் கட்டிக்கொண்டாள்.

பத்து மணிக்குச் சாஸ்திரிகள் வந்தார். கூடவே இரண்டு பிராமணர்கள், ஒருவர் சால்ட் லேக்கிலிருந்து பஸ் மாறி வந்தவர். ஹோமப் புகை கூடத்தில் சுழன்று, திரையில் மோதித் திரும்பியது. மகாதேவன் ஈர வேட்டியோடு மனையில் உட்கார்ந்திருந்தான். சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல அப்பாவின் பெயரை, தாத்தாவின் பெயரைத் திருப்பிச் சொன்னான். சாவித்திரி அரிந்துகொண்டிருந்தாள், அரைத்துக்கொண்டிருந்தாள், வடை தட்டினாள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று மன்னி எள்ளுருண்டையைப் பெரிதாகப் பிடித்தாள். இன்றைக்காவது ஏதாவது வரும் என்று சாவித்திரி நினைத்திருந்தாள். எண்ணெய்ப் புகையில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான்.

பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தபோது மணி ஒன்றரை. சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குள் அவர் ஆபீஸில் தலையைக் காட்டியாக வேண்டும்.

"வாயச பிண்டத்தை எடுத்துண்டு மாடிக்குப் போங்கோ. காக்கா எடுத்துட்டா நீங்கள்ளாம் சாப்பிடலாம்."

மகாதேவன் இலைத்துண்டில் பிண்டத்தை ஏந்திக்கொண்டு முன்னால் போனான். மன்னியும் சாவித்திரியும் பின்னால் ஏறினார்கள். தை மாத வெயில் மொட்டைமாடியில் வெள்ளையாகக் காய்ந்தது. வானத்தில் ஒரு காக்கையும் இல்லை. நாள் முழுக்கக் கத்தித் தொலைக்கிற ஊரில், வேண்டிய வேளைக்கு ஒன்றைக் காணோம். மகாதேவன் சுவர்மேல் பிண்டத்தை வைத்து, ஜலம் தெளித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டான். பாங்கு ஆபீஸர், மாடியில் நின்று கத்திப் பழக்கமில்லை.

"கா" என்றான், மெதுவாக.

"பலமாக் கூப்பிடுங்கோன்னா. யாருக்குக் கேக்கும் இது?"

"கா... கா... கா..."

மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் சாவித்திரிக்கு உறைத்தது. நாயை அடைக்க வேண்டும் என்று மட்டுமே மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அண்ணா கூப்பிடுவான் என்பது தெரிந்த விஷயம்தான். நாய்க்கும் அந்தக் கூப்பாடு தெரியும் என்பதும் தெரிந்த விஷயம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை. பரவாயில்லை, தாழ் போட்டிருக்கிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே படியில் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. தாரா வீட்டில் பாத்திரம் தேய்க்கும் மாஷி மத்தியானம் வந்து குளியலறைக் கதவைத் திறந்திருக்கிறாள். அவளிடம் சொல்லிவைக்கத் தாராவுக்கு மறந்துவிட்டது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

கீழே நடையில் சாஸ்திரிகளின் குரல் கேட்டது. "ஏய், ஏய்... சிவ சிவா!"

நாய் மாடிக்கு வந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேரே கைப்பிடிச் சுவருக்கு மூன்றடி முன்னால் போய், தினமும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, சுவரை அண்ணாந்து பார்த்தது.

"ஐயோ, விரட்டுங்கோளேன்" என்றாள் மன்னி. மடிப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கினாள்.

மகாதேவன் விரட்டவில்லை. கை ஓங்கியது, பாதியில் நின்றுவிட்டது. இப்போது காக்கைகளும் வர ஆரம்பித்தன. ஒன்று தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எல்லோரையும் எடை போட்டது. மகாதேவன் தன்னையறியாமல், "கா" என்றான். நாயின் வால் தரையைப் பெருக்கியது. அவன் நாயைப் பார்த்தான். மறுபடியும், இன்னும் மெதுவாக, "கா" என்றான். வால் மறுபடி அசைந்தது.

"இதுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

காக்கை சுவருக்குத் தாவி பிண்டத்தைக் கொத்தியது. பின்னால் இன்னொன்று வந்தது. நாய் நகரவில்லை. இரண்டும் கொத்தி, சிந்தி, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்தது. எழுந்து சாவித்திரியிடம் வந்து, அவள் கையை அண்ணாந்து பார்த்தது. கையில் ஒன்றுமில்லை. சிராத்தத்தன்று அந்தச் சாதத்தில் ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. அது அவள் கையை மோந்தது, மற்றக் கையையும் மோந்தது. பிறகு, உருண்டை வரத் தாமதமாகிறது போலும் என்கிற மாதிரி, அவள் காலில் சாய்ந்துகொண்டு நின்றது.

மடிப்புடவை. அவள் விலகவில்லை.

"நான்தான்" என்றாள். "தினம் காக்காய்க்கு வச்சப்புறம் இதுக்கும் ஒண்ணு வைப்பேன்."

"எத்தனை நாளா?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

மன்னி மடிப்புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள்.

சாஸ்திரிகள் மாடி நிலைவரை வந்து, நாயைப் பார்க்காமலிருக்கச் சூரியனைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னார். காக்கை எடுத்துவிட்டது, பித்ருக்கள் திருப்தி. பிராமண போஜனமும் முடிந்த பிறகுதான் அது வந்தது. ஆனாலும் மனசுக்குச் சமாதானம் வேண்டுமானால் நாளைக்கு ஒரு ஜபம் செய்து ஒரு தானம் கொடுத்துவிடலாம். இதைச் சொல்லிவிட்டு, குல்லாயை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

சாவித்திரி நாயைக் கீழே கொண்டு விட்டு, மறுபடி குளித்துவிட்டு வந்தாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. மூன்று இலை போட்டிருந்தது. மன்னி பரிமாறினாள். கீழே தாராவின் ரேடியோ ஏதோ செய்தி வாசித்தது.

"நான் கோவிச்சுக்கலை" என்றான் மகாதேவன், ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே. "ஆனா இது இங்க இருக்கறது சரிப்படாது. மாசாமாசம் அமாவாசை வரும். இன்னிக்குச் சாஸ்திரிகள் மேலோட்டமாச் சொல்லிட்டார். வீட்டுக்காரன் காதுக்குப் போனா அதுவேற."

"கீழேயே இருக்கட்டுமே. இனிமே நான் போடலை."

"நீ போடலேன்னா என்ன? தினம் காக்காயைக் கூப்பிட்டுத்தானே ஆகணும். கூப்பிட்டா அது வந்து நிக்கும்." அவன் குழியை இன்னும் ஆழமாக்கினான். "எங்க பாங்கு டிரைவர் ஏழுமலைகிட்ட ஃபோன்ல சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலம்பற வேனோட வரான். அவன் இருக்கறது கார்டன் ரீச்சு. கப்பல் கட்டற பக்கமா விட்டுடறேன்னான். அங்க மீனும் மாமிசமும் கொட்டிக் கெடக்காம். நன்னா இருக்கும்."

கார்டன் ரீச் சாவித்திரிக்குத் தெரியும். ஆபீஸ் கேட்டுக்குப் போகிற வழியில் தினமும் நாய்களைப் பார்க்கிறாள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு கூட்டம். புதிதாக ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்பதை, போன குளிர்காலத்தில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். காக்கை தின்று முடிக்கட்டும் என்று மூன்றடி தள்ளி உட்காருகிற நாய் அங்கே ஒரு மத்தியானம்கூடத் தாங்காது. இதை அவள் சொல்லலாம். அண்ணா கேட்டுக்கொள்வான், பாவம்தான் என்பான், வேன் வரும்.

மரத்த காலில் ரத்தம் ஓட ஆரம்பிக்கும்போது முதலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அவளுக்கு விரல் நுனியில் அப்படி இருந்தது. சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அண்ணா, எங்க ஆபீஸ்ல தனியா இருக்கற பொம்மனாட்டிகளுக்கு ஒத்தை ரூம் குவார்ட்டர்ஸ் தரா. தரைத்தளம். பின்னால கொஞ்சம் மண்ணு இருக்கு, நாய் அங்க படுத்துக்கும். எங்க செக்ஷன் பூங்கோதை அங்கதான் இருக்கா, ஆடு வளக்கறா. யாரும் ஒண்ணும் சொல்லறதில்லை. எழுதிக் குடுத்தா ஒரு மாசத்துல கெடச்சுடும்னா."

மன்னியின் கையில் கரண்டி நின்றது. மகாதேவன் தலை நிமிரவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க வந்துடுவேன். சம்பளத்துல பாதியை எப்பவும்போலக் குடுத்துடறேன். மன்னிக்கு அரைக்க, கரைக்க வந்து நிக்கறேன்."

அவன் ரசத்தை ஊற்றிக்கொள்ளவில்லை. குழி அப்படியே இருந்தது. சாவித்திரி தன் குரலைக் கேட்டாள். அது சன்னமாக, ஆனால் பக்கத்திலிருந்து, தன் வாயிலிருந்தே வந்தது.

"ஏழுமலையை ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்றியா, அண்ணா?"